பூந்தோட்டத்துக் கிழங்க காட்டுப் பள்ளத்துல கொட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் நுவரெலியா மாவட்டத்துல ஒரு தோட்டப் பாடசாலைல படிப்பிக்கிற டீச்சர், சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகளையும் நான்தான் பாத்துக்கிறேன். மலையகம்னா சம்பளம், லயம், மண்சரிவு, குளவிக்கொட்டுன்னு ஒங்க பத்திரிகைல வருது, வரத்தான் வேணும். அதோட சேத்து இன்னொன்னையும் எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு. பூந்தோட்டத்துல இருந்து பள்ளத்துல கொட்டுற கிழங்கு பத்தி. பூச்செடிதானே, இதுக்கு ஒரு கடுதாசியான்னு நெனைக்காம முழுசா வாசிங்க.

ஏப்ரல் சீசன் வர்றதுக்கு முன்னால பங்களா, கெஸ்ட் ஹவுஸ், ஹோட்டல்னு எல்லா எடத்துலயும் பாத்தி திருத்துற வேலை நடக்கும். நெருங்கி வளந்து போன கிழங்குச் செடிய எல்லாம் மண்ணு கெளறுற இரும்பு முள்ளு போட்டுக் கெளறி எடுத்து, நல்லத பிரிச்சு நட்டுட்டு மிச்சத்த ஒதுக்குவாங்க. அந்த மிச்சம் எங்க போகுது? குப்பை லொறிக்காரங்க மண்ணோட இருக்குற செடிய ஏத்த மாட்டாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம், பள்ளத்துல ஓடை, ஓடைக்கு அங்கிட்டு காடு, தள்ளுவண்டில கொண்டு போய் கவுத்துட்டு வந்துடுறாங்க. வேலை செய்யுற அண்ணன்மார நான் குத்தம் சொல்ல மாட்டேன், அங்க கொட்டுன்னு சொல்றது அவங்களுக்கு மேல உள்ளவங்க. எங்க ஸ்கூலுக்குக் கீழ இருக்குற ஓடைக்கரைல ஒரு தங்குமிடம் டிரெக்டர்ல கொண்டு வந்து கொட்டுன மண்ணு இன்னைக்கு ஒரே மஞ்சள் பூக்காடா நிக்குது, வெளிநாட்டுக்காரங்க எறங்கி போட்டோ எடுக்குறாங்க. அந்த எடத்துல முன்னால என்ன இருந்துச்சுன்னு கேட்டா வயசான ஆளுங்க சொல்லுவாங்க, ஓடையோரமா சின்னச் சின்னதா ரோஸ் நெறத்துல காட்டுக் காசித்தும்பை பூக்கும், பாறைல பாசியும் பன்னமும் இருக்கும், தவளை கத்தும். காசித்தும்பைல இலங்கைக்கு மட்டுமே உரிய இனங்கள் நெறைய இருக்கு, அதுங்க கேக்குறதெல்லாம் இந்த மாதிரி நெழலும் ஈரமும் உள்ள ஓடைக்கரைதான், அந்த எடத்தையே இன்னொன்னு புடிச்சுக்கிட்டா அதுங்க எங்க போகும் சொல்லுங்க.

அந்த மஞ்சள் பூவப் பத்தி மொதல்ல சொல்றேன். எங்க பக்கம் இஞ்சிப்பூன்னு சொல்றாங்க, கஹிலி ஜிஞ்சர்ங்குறது அதோட கடைப் பேரு. இமயமலைப் பக்கம் நேபாளம், சிக்கிம் அதோட சொந்த எடம், அதனால நம்ம குளிரும் மழையும் அதுக்கு நல்லா ஒத்துப் போச்சு. ஆள் ஒசரத்துக்கு வரும், எல ரெண்டு பக்கமும் வரிசையா அகலமா இருக்கும், தண்டோட நுனில நீட்டமா ஒரு பூங்கொத்து, ஒவ்வொரு மஞ்சப் பூவுல இருந்தும் செவப்பா ஒரு நூல் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், வாசம் ரொம்ப தூரத்துக்கு அடிக்கும். பூ முடிஞ்சா காய் வெடிச்சு உள்ள செம்மஞ்சளாத் தெரியும், அதுல பளபளன்னு செவப்பு விதை. குருவிங்க அதத் தின்னுட்டு காட்டுக்குள்ள போய் எச்சம் போடுது, அப்படித்தான் கொட்டுன எடத்துல இருந்து இன்னும் உள்ள போகுது. உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள்னு ஐயுசிஎன், அதான் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், போட்ட பட்டியல்ல இதுவும் இருக்கு. நியூசிலாந்து, ஹவாய், அசோர்ஸ் தீவுன்னு எங்கெல்லாம் அழகுக்குக் கொண்டு போனாங்களோ அங்கெல்லாம் இப்ப காசு செலவழிச்சுப் புடுங்கிக்கிட்டு இருக்காங்க.

மேல பாக்குறதுக்குப் பூ, கீழ அதோட வேலையே வேற. ஓடைக்கரைல ஒரு தூர நம்ம பிள்ளைகளோட தோண்டிப் பாத்தோம். மண்ணுக்கு மேலயே பாதி தெரியுது, இஞ்சி மாதிரியே கணு கணுவா, ஆனா கைப் பருமனுக்கு, ஒன்னு மேல ஒன்னு ஏறிப் பின்னிக்கிட்டு, நடுவுல வேற ஒரு வேரு நுழைய எடமில்ல. மம்பட்டியால வெட்டுனா வெள்ளையா ஈரமா இருக்கு, இஞ்சி வாசம் லேசா வருது. கீழ உள்ள மண்ணு கறுப்பா வெறுமையாக் கெடந்துச்சு, ஒரு சின்ன மரக்கன்னு இல்ல, ஒரு பன்னம் இல்ல. ஒரு பெரிய மரம் வயசாகி விழுந்தா அந்த எடத்துல அதோட பிள்ளை வளரணும், இந்த மெத்தைக்குள்ள அது எப்புடி மொளைக்கும்? காடு இன்னைக்குப் பச்சையாத்தான் தெரியும், ஆனா அடுத்த தலைமுறை மரம் அதுல இருக்காது. இத நெனைச்சாத்தான் எனக்கு நெஞ்சு பதறுது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். எல இப்படி இருக்குன்னு காட்டுல உள்ள எல்லாத்தையும் புடுங்கிடக் கூடாது. நம்ம காட்டுக்கே சொந்தமான காட்டு ஏலம் இருக்கு, அதோட எலையும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஏலத்துக்குப் பூ தண்டு நுனில வராது, அடில மண்ணோட ஒட்டி வரும், காயும் அங்கதான். இஞ்சி வகைல நம்ம காட்டுச் செடி வேறயும் இருக்கு, அதனால பூ இல்லாத நேரத்துல சந்தேகமா இருந்தா கை வைக்காதீங்க, ஒரு நாடா கட்டிட்டு வாங்க, பூ வரட்டும், மஞ்சப் பூவும் செவப்பு நூலும் கண்ணால பாத்துட்டுப் புடுங்கலாம்.

அடுத்தது வெள்ளை லில்லி, ஆரம் லில்லின்னு சொல்றது. புனல் மாதிரி சுத்துன ஒரே வெள்ளை மடல், நடுவுல மஞ்சளா ஒரு குச்சி. கல்யாண வீட்டு பொக்கேல வைப்பாங்க. தென்னாபிரிக்காச் செடி. நுவரெலியா பக்கம் கான்ல, மரக்கறித் தோட்டத்து ஓரத்துல, சதுப்புல எங்க பாத்தாலும் இது நிக்குது. மேற்கு அவுஸ்திரேலியாவுல இத சட்டப்படி பீடைச் செடின்னு அறிவிச்சிருக்காங்க, அங்க மேய்ச்சல் நெலத்தையும் காட்டையும் புடிச்சிருச்சு. இதப் பத்தி நான் கூடுதலா எழுதுறதுக்குக் காரணம், இது காட்டுக்கு மட்டும் ஆபத்து இல்ல, நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து. லயத்துல சேமந்தண்டு, சேம்பெல ஆக்கிச் சாப்புடுற பழக்கம் நம்ம எல்லார் வீட்டுலயும் இருக்கு, ஓடையோரம் போய் அம்மா ஒடச்சுட்டு வாம்பாங்க, பிள்ளை போய் ஒடைக்கும். இந்த லில்லி பூக்காத நேரத்துல அதே ஓடைல சேம்போட கலந்து நிக்கும். சேம்புல இருக்குற அந்த அரிப்பு ஊசி, கல்சியம் ஒக்சலேட்னு சொல்றது, இதுலயும் இருக்கு, கடிச்சா வாயி நாக்கு தொண்டை எல்லாம் எரிஞ்சு வீங்கும், ஆடு மாட்டுக்கும் ஆகாது.

ரெண்டையும் பிரிச்சுப் பாக்குறது லேசு, பிள்ளைகளுக்கு ஒரு தரம் காட்டுனா மறக்க மாட்டாங்க. எலையத் திருப்பிப் பாருங்க. சேம்புல தண்டு எலையோட ஓரத்துல சேராது, அடிப்பக்கமா கொஞ்சம் உள்ள தள்ளி வந்து ஒட்டியிருக்கும், லில்லில அந்த ரெண்டு காது பிரியுற பள்ளத்துலயே, ஓரத்துலயே சேந்திருக்கும். அப்புறம் எல மேல கொஞ்சம் தண்ணி ஊத்துனா சேம்பெலைல முத்து முத்தா உருண்டு ஓடும். இத ரெண்டையும் தோட்டத்துல எல்லா அம்மாமாரும் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

மூணாவது செம்மஞ்சப் பூ, மொன்ட்பிரேஷியா. கத்தி மாதிரி நீட்ட எல, வளஞ்ச தண்டுல வரிசையா சின்னச் சின்ன ஆரஞ்சுப் பூ, பங்களா போற பாதை ஓரமெல்லாம் நட்டிருப்பாங்க. இது எந்த நாட்டுக் காட்டுலயும் பொறந்த செடி இல்ல. தென்னாபிரிக்கால இருந்து போன ரெண்டு இனத்த பிரான்ஸ்ல நான்சிங்குற ஊர்ல விக்டர் லெமுவான்னு ஒரு பூச்செடிக்காரர் ஒன்னோட ஒன்னு சேத்து உண்டாக்குனாரு, 1880ல மொதல் பூ பூத்துச்சு. விதை அவ்வளவா வைக்காது, அதனால பாதுகாப்புன்னு நெனைக்கலாம், ஆனா அதோட வித்தை முழுக்க மண்ணுக்குக் கீழ. வருசா வருசம் பழைய கிழங்குக்கு மேல புதுக் கிழங்கு வச்சு வச்சு மணி கோத்த மாதிரி ஒரு சரமா கீழ எறங்கியிருக்கும், செடியப் புடிச்சு இழுத்தா மேல உள்ளது மட்டும் கையோட வரும், கீழ உள்ள ஒவ்வொன்னும் பிரிஞ்சு மண்ணுல நின்னுடும், மேல் கிழங்கு போனதும் தூங்கிக்கிட்டு இருந்த அத்தனையும் மொளைக்கும். அதாவது அவசரமா இழுத்தா ஒன்னு பத்தாகும். பெருமழைல கரை இடிஞ்சா கிழங்கு தண்ணியோட போய் கீழ் டிவிஷன்ல கரையேறும். நானுஓயால விழுந்தது தலவாக்கலைப் பக்கம் போகாதுன்னு யாரு சொல்ல முடியும், தண்ணி அந்தப் பக்கந்தானே ஓடுது.

நாலாவது நீலப்பூ அரிஸ்டியா, இதுவும் தென்னாபிரிக்காதான். ஹோட்டன் சமவெளில ஆக்கிரமிப்புச் செடின்னு கணக்கெடுத்ததுல இதுவும் ஒன்னு. எல விசிறி மாதிரி அடில இருந்து விரிஞ்சு நிக்கும், நீலப்பூ காலம்பர விரிஞ்சு மத்தியானத்துக்கு மேல சுருங்கிடும். நம்ம மலைக்குச் சொந்தமான பினர மல்ங்குற பூவும் நீல ஊதாதான், அதுக்கு நடுவுல மஞ்சளா மகரந்தம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா அதோட எல தண்டுல சோடி சோடியா எதிரெதிரா இருக்கும், கத்தி மாதிரி இருக்காது. அதப் புடுங்கிடாதீங்க, அது நம்மளோடது.

இதெல்லாம் புதுசா நடக்குற விசயமும் இல்ல. நம்ம மலைநாட்டுல காட்டக் கெடுத்த செடில நெறைய அழகுக்குன்னு வந்ததுதான். லந்தானா, அதான் நம்ம உண்ணிப்பூ, 1826லயே பேராதனைத் தோட்டத்துக்கு வந்தது, இன்னைக்கு அது இல்லாத வேலி உண்டா. பெரிய எலையும் அடில ஊதா நெறமுமா இருக்குற மைக்கோனியா 1888ல அதே பேராதனைக்கு அலங்காரச் செடியா வந்தது. ஆகாயத்தாமரைப் பூ அழகுன்னு கொண்டு வந்து, அது கொளத்தையும் வயலையும் அடைச்சு, கடைசில 1909ல அந்த ஒரே செடிக்குன்னு தனியா ஒரு கட்டளைச் சட்டமே கொண்டு வந்தாங்க, நூறு வருசத்துக்கும் மேல ஆச்சு, செடி இன்னும் போகல. ஹோட்டன் சமவெளில மஞ்சப் பூ பூக்குற முள்ளுப் புதர், கோர்ஸ்ங்குறது, ஐரோப்பாவுல இருந்து வந்தது, வனசீவராசிகள் திணைக்களமும் தொண்டர்களும் புடுங்கப் புடுங்க வருது, ஏன்னா அதோட விதை மண்ணுக்குள்ள பல பத்து வருசம் உசிரோட கெடக்கும். அந்தக் காடுங்க 2010ல உலக மரபுரிமைன்னு யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது, மகாவலியும் களனியும் வளவையும் தலையெடுக்குற மலை அது. கிழங்குச் செடி இன்னும் அந்த அளவுக்குப் போகல. பரவுறதுக்கு முன்னால புடிச்சா கையாலயே முடிச்சுடலாம், அதனாலதான் இப்ப எழுதுறேன், எல்லாம் முடிஞ்ச பொறகு எழுதி என்ன பிரயோசனம்.

இனி எப்படிப் புடுங்குறதுன்னு கொஞ்சம். சிரமதானம்னா நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க, பத்திருபது பேர் கத்தி மம்பட்டியோட எறங்கி எங்க கூடுதலா இருக்கோ அங்க போய் ஒரேயடியா வெட்டித் தள்ளிட்டு, போட்டோ எடுத்து பேஸ்புக்ல போட்டுட்டு, டீ குடிச்சுட்டுப் போயிடுவாங்க. மனசு நல்ல மனசுதான், ஆனா இந்த வேலைக்கு அது சரிவராது. வெறுமையான மண்ணுல அடுத்த மழைக்கு அதே கிழங்கு மொளைக்கும், இல்லாட்டி உண்ணியும் மானாவும் புடிக்கும், சரிவான எடமா இருந்தா மண்ணே எறங்கிடும், மண்ணு எறங்குனா என்ன ஆகும்னு மலையகத்து ஆளுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

அவுஸ்திரேலியாவுல சிட்னில மொஸ்மன்ங்குற எடத்துல பிரட்லி சகோதரிகள்னு ரெண்டு பேர் இருந்தாங்க, ஐலீன், ஜோன். 1960கள்ல அவங்க வீட்டுப் பக்கத்துக் காட்டுல நடக்கப் போறப்ப கைல சின்ன ஆயுதத்தோட போய்க் களை எடுத்துப் பழகி ஒரு முறையவே உண்டாக்குனாங்க, இப்ப அந்த நாட்டுல காட்டுக் களை எடுக்குறதுக்கு அதுதான் அடிப்படை. அவங்க சொன்னது என்னன்னா மோசமான எடத்துல தொடங்காத, நல்லா இருக்குற காட்டுல, ஒன்னு ரெண்டு களை மட்டும் நுழைஞ்சிருக்குற எடத்துல தொடங்கு, அங்க இருந்து வெளிப்பக்கமா வா. மண்ண முடிஞ்சவரைக்கும் கெளறாத, கெளறுனா எலைச்சருகப் பழையபடி மூடி வை. நீ புடுங்குற வேகம் காடு திரும்ப வளர்ற வேகத்த தாண்டக் கூடாது. இந்த மூணையும் வாசிச்சப்ப எனக்கு நம்ம ஓடைக்கரைக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு. எங்க பிள்ளைகளோட அப்படித்தான் செய்யுறோம், காட்டுக்குள்ள தனியா நிக்குற சின்னச் செடி மொதல்ல, பூக்காடு கடைசில. பாக்குறவங்க என்ன டீச்சர் அவ்வளவு பெரிய புதர விட்டுட்டு இந்தச் சின்னதத் தேடிக்கிட்டு இருக்கீங்கன்னு கேக்குறாங்க, ஆனா உள்ள போன அந்தச் சின்னதுதான் நாளைக்குப் பெரிய புதர், அதோட காட்டுக்குள்ள யாரு கண்ணுக்கும் தெரியாது.

பெரிய புதர அதுவரைக்கும் சும்மா விடணும்னு இல்ல. பூவையும் காயையும் வெட்டி எடுத்துக்கிட்டே இருந்தா விதை வைக்காது, குருவி கொண்டு போகாது, அது ஒன்னே பாதி வேலை. பொறகு வெளிப்பக்கமா நெருங்கி வர்றப்ப ஒவ்வொரு தூரா எடுக்கலாம். இஞ்சிப்பூவுக்குக் கத்தியால தண்ட வெட்டிட்டு முள்ளுல சுத்தி நெம்பி கிழங்கோட தூக்கணும், ஒடைஞ்சு மண்ணுல விழுந்த துண்டையும் பொறுக்கணும், ஏன்னா துண்டுல இருந்தும் மொளைக்கும். மொன்ட்பிரேஷியாவ இழுக்கவே கூடாது, சுத்தி ஆழமா வெட்டி மண்ணோட ஒரு கட்டியா எடுத்து சாக்குல போட்டு வச்சு ஒதறி, கிழங்கு ஒவ்வொன்னா எண்ணி எடுக்கணும், பொறுமையான வேலை, பிள்ளைகள் இதுல நம்மள விட கெட்டி, அவங்க கண்ணுக்கு பட்டாணி அளவு கிழங்கும் தப்பாது. லில்லிக்குக் கையுறை கட்டாயம் போடணும், சாறு பட்டா அரிக்கும், மழை பேஞ்சு மண்ணு எளகுன நேரத்துல எடுக்குறது நல்லது. எடுத்த எடத்துக்கு ஆறு மாசத்துக்கொரு தரமாவது திரும்பப் போகணும், சில வருசம் தொடர்ந்து போகணும், போகாட்டி மொதல்ல செஞ்ச வேலையும் வீண்.

எடுத்த கிழங்க என்ன செய்யுறதுங்குறதுதான் எல்லாரும் கோட்டை விடுற எடம். கொம்போஸ்ட் குழில போடக் கூடாது, அங்கயே மொளைக்கும், மரக்கறிப் பாத்திக்கு ஒரம்னு அள்ளிப் போட்டா தோட்டமெல்லாம் பரவும். சும்மா மேட்டுல போட்டாலும் இஞ்சிப்பூக் கிழங்கு சாகாது, வேர் மண்ணத் தொட்டா புடிச்சுக்கும். கறுப்பு பொலித்தீன் உறைல இறுக்கிக் கட்டி சீமெந்துத் தரைல வெயில் படுற எடத்துல வச்சு, முழுசா அழுகிக் கூழாகுற வரைக்கும் விடணும், நம்ம பக்கத்து வெயிலுக்கு மாசக்கணக்குல ஆகும். தண்ணி பெரல்ல ஊறப் போட்டு அழுக வைக்குறதும் உண்டு, லில்லிக்கு மட்டும் அது சரிவராது, அது தண்ணிலயே வாழ்ற சாதி.

மருந்தடிச்சா சுலபமா முடியுமேன்னு கேக்குறவங்களும் இருக்காங்க. கிளைபொசேட்ட 2015ல தடை பண்ணி, பொறகு 2018ல தேயிலைக்கும் றப்பருக்கும்னு தளர்த்துன கதை எல்லாம் தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டுல இஞ்சிப்பூத் தண்ட வெட்டி வெட்டுவாய்ல மட்டும் மருந்து பூசுறாங்க, அது பழக்கப்பட்ட உத்தியோகத்தர்கள் செய்ய வேண்டியது. நாம ஓடைக்கரைல டேங்க முதுகுல மாட்டிக்கிட்டு அடிக்க முடியாது, ஏன்னா அந்த ஓடைத் தண்ணிதான் கீழ பீலிக்கு வருது, பீலித் தண்ணியத்தான் நம்ம சனம் குடிக்குது.

காட்டுல எறங்குறதுக்கு முன்னால அனுமதியும் வேணும். தேசியப் பூங்கா, இயற்கை ஒதுக்கம் எல்லாம் 1937ஆம் வருசத்து வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள்ள வருது, ஹக்கல ஒதுக்கத்துக்குள்ளயோ கல்வேஸ்லண்ட் பூங்காவுக்குள்ளயோ நல்ல மனசோட போய்த் தோண்டுனாலும் அது குத்தந்தான், வனசீவராசிகள் திணைக்களத்துல கேட்டு அவங்க ஆளோட போகணும். தோட்டத்துக் காடுன்னா நிர்வாகத்துக்கிட்ட எழுத்துல வாங்குங்க, கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போறவங்க மொதல்ல பெரியவங்க ஒருத்தர் போய் குளவிக்கூடு இருக்கான்னு மரத்துக்கு மேலயும் புதருக்குள்ளயும் பாத்துட்டு வந்த பொறகுதான் எறங்கணும், இதுல வெளையாட்டே கூடாது, குளவில எத்தனை உசிரு போச்சுன்னு ஒங்க பத்திரிகைலயே வருது.

எங்க லயத்துல ஒரு அம்மா, வயசானவங்க, கொழுந்து எடுத்து ஓய்வானவங்க, என்னப் பாத்துக் கேட்டாங்க, "ஏங் டீச்சர், இந்தப் பூவப் புடுங்கிட்டா மார்கழிக்கு அம்மனுக்கு நாங்க என்னத்த வைக்கிறது, வாசமா இருக்குன்னு ஆசையா வைக்கிறோமே"ன்னு. ஞாயமான கேள்வி. நான் சொன்னேன், "பூவ தாராளமா ஒடச்சு வைங்கம்மா, எவ்வளவு ஒடைக்கிறீங்களோ அவ்வளவு காட்டுக்கு நல்லது, கிழங்க மட்டும் எடுத்துட்டு வந்து கோயில் பின்னால நட்டுடாதீங்க." இப்ப அவங்களே மத்தவங்களுக்குச் சொல்றாங்க, கோயில் பக்கம் செவ்வந்தியும் செம்பருத்தியும் வச்சிருக்காங்க. மக்கள் கேக்க மாட்டாங்கன்னு சொல்றது சுத்தப் பொய், சொல்ல வேண்டிய விதத்துல யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

கேக்காதவங்க வேற எடத்துல இருக்காங்க. பூச்செடி நர்சரிக்காரங்க இந்த நாலையும் விக்கிறத நிறுத்தணும், வாங்குறவங்க கேட்டாலும் இது காட்டுக்கு ஆகாதுன்னு சொல்லி வேறொன்னக் குடுக்கலாம், பூச்செடிக்கா பஞ்சம். பங்களா நடத்துற கொம்பனிகளும் தங்குமிடக்காரங்களும் பாத்தி திருத்துற கழிவ தங்களோட வளவுக்குள்ளயே அழுக வச்சு அழிக்கணும், ஒரு பழைய சீமெந்துத் தொட்டி போதும். வேலை செய்யுற தோட்டக்கார அண்ணன்மாருக்கு தமிழ்ல எழுதுன ஒரு தாள் குடுங்க, எது கிழங்கு எது ஆபத்துன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா அவங்களே கொட்ட மாட்டாங்க, மண்ணு மரம் பத்தி அவங்களுக்குத் தெரியாததா. பிரதேச சபை, மாநகர சபை சீசனுக்கு முந்துன ரெண்டு மூணு வாரத்துக்காவது தோட்டக் கழிவுக்குன்னு தனி லொறி விடணும், விட்டா பள்ளத்துல கொட்டுறதுக்குக் காரணமே இருக்காது. 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் கைல இருக்கு, விவசாயத் திணைக்களமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் அதுக்குக் கீழ இந்தக் கிழங்குச் செடிங்க விசயத்துல என்ன செய்யலாம்னு பாக்கணும். எங்க ஓடைல கொட்டுன தங்குமிடத்துக்கும் நான் எழுத்துல குடுத்துட்டேன், பதில் வரல, திரும்பவும் குடுப்பேன்.

ஆசிரியர் ஐயா, ஒங்ககிட்ட எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கு. ஏப்ரலுக்கு முன்னால ஒரு ஞாயிறு இதழ்ல இந்த நாலு செடியோட படத்தையும், சேம்பெலையும் லில்லி எலையும் திருப்பிப் போட்டுப் பக்கத்துல பக்கத்துல வச்ச படத்தையும் கலர்ல போடுங்க. எங்க பக்கம் பேப்பர வாசிச்சுட்டு வீசுறதில்ல, காமராச் செவுத்துல ஒட்டுவாங்க, ஸ்கூல் அறிவிப்புப் பலகைல ஒட்டுவோம், ஒரு படம் பல வருசம் நிக்கும். படம் ஒங்ககிட்ட இல்லாட்டி எங்க பிள்ளைகள் எடுத்தது இருக்கு, எலையோட முன்பக்கம், பின்பக்கம், கிழங்கு, காய் எல்லாம் தனித்தனியா எடுத்து வச்சிருக்காங்க, கேட்டா அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.